வாடகை வாங்கினால் திறப்பைக் கொடுங்கள்



நீளமான பதிவு இது. வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு விடுகிறவர்கள், முழுவதையும் வாசியுங்கள். பாதியில் கோபம் வந்தால் மீதியையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று நம் கரையோரம் முழுக்க இப்போது அறை வாடகை பல குடும்பங்களுக்கு ஒரு வருமானம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. அதற்குப் பிறகுதான் நம் ஊர்களுக்குப் 'போர்டிங்' என்ற சொல் இவ்வளவு பழக்கமானது. விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள், அட்டாளைச்சேனையில் பயிற்சிக்கு வருகிற ஆசிரிய மாணவர்கள், வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வந்த டீச்சர்மார், ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற மிஸ்மார், வங்கிகளில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். சிலர் வளவுக்குப் பின்னால் இரண்டு அறை இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். சிலர் மகளுக்கென்று கட்டிய மேல்மாடியை, மகள் கலியாணம் முடித்து அங்கே வரும்வரை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஹலாலான வருமானம். அதில் எங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை.

எங்கள் பேச்சு திறப்பைப் பற்றி.

ஒரு வீட்டில் ஆறு பிள்ளைகள். ஆறு பேரிடமும் தனித்தனியாக வாடகை. ஆறு பேரிடமும் அட்வான்ஸ். வாசல் கதவுக்கு ஒரே ஒரு திறப்பு. அது மீட்டர் பெட்டிக்கு மேலே, இல்லாவிட்டால் பூச்சாடிக்குக் கீழே, இல்லாவிட்டால் வீட்டுக்கார ராத்தாவின் கையில். கேட்டுக்குத் திறப்பே கிடையாது. கேட்டால், "என்னத்துக்கு மகள் திறப்பு? நான் ஊட்டுலதானே இரிக்கன்" என்று பதில் வரும். அவர் வீட்டில் இல்லாத நாளில்தான் பிரச்சினையே. நைட் டியூட்டி முடித்து, கண் எரிய எரிய வந்து இறங்குகிற ஒரு மிஸ், கேட்டுக்கு முன்னால் வெயிலில் நிற்கிறார். ராத்தா அக்கரைப்பற்றுச் சந்தைக்குப் போயிருக்கிறார். போன் எடுத்தால், "இந்தா வாறன் மகள், பஸ்ஸுக்குத்தான் நிக்கன்." அந்த "இந்தா" ஒன்றரை மணித்தியாலம்.

வீதியில் ஓர் அந்நியப் பெண் பிள்ளை ஒன்றரை மணித்தியாலம் நிற்பதை நாம் பாதுகாப்பு என்று சொல்கிறோமா? போகிற வருகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரு தடவை மெதுவாகிப் போகிறது. ஒதுங்க நிழல் இல்லை. மலசலகூடத்துக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். அதே பிள்ளைதான் மாதம் பிறந்து 5ஆம் திகதிக்குள் வாடகை தராவிட்டால் வாசலில் வைத்துக் கேட்கப்படுகிறாள்.

இதைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் சொல்கிற முதல் காரணம் பாதுகாப்பு. "பொம்புளப் புள்ளைகள். திறப்பைக் குடுத்தா நினைச்ச நேரம் போவாங்க, நினைச்ச நேரம் வருவாங்க. நாளைக்கு ஏதும் நடந்தா பெத்தவங்களுக்கு நாங்கதானே பதில் சொல்லணும்?" இது வெறும் சாட்டு என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையான பயத்தோடு இதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளைப் போலவே அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிற உம்மாமார் நம் ஊர்களில் நிறைய. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவர்கள், நோன்பில் ஸஹருக்கு எழுப்பிவிடுகிறவர்கள். அதனால்தான் இதை அமைதியாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

நேரக் கட்டுப்பாடு ஒரு விஷயம். திறப்பு இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டதில்தான் கோளாறு. மஃரிபுக்குள் வந்துவிட வேண்டும், வெளி ஆட்களைக் கூட்டி வரக்கூடாது, ஊருக்குப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். முதல் நாளே பெற்றோரையும் வைத்துக்கொண்டு பேசிக்கொள்ளுங்கள். அதை மீறுகிற பிள்ளையின் வீட்டுக்குப் போன் எடுங்கள். ஒத்துவராவிட்டால் அடுத்த மாதம் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் வாடகை கொடுத்து இருக்கிற ஒரு வயது வந்த பெண், தான் இருக்கிற இடத்துக்குள் போகவும் வெளியே வரவும் இன்னொருவரின் கையைப் பார்த்து நிற்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர் போர்டிங் இல்லை.

இரவில் வெளியே பூட்டிவிட்டுத் திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிற வீடுகளும் இருக்கின்றன. இது எங்களை உண்மையிலேயே பயப்படுத்துகிறது. நம் பக்கத்து வீடுகளின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கிரில். விறாந்தைக்கு இரும்புக் கிரில். பின்கதவுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம். கள்ளன் உள்ளே வராமல் இருக்கச் செய்த வேலை அது. அதே வேலை உள்ளே இருக்கிறவரையும் வெளியே விடாது. வாசலை வெளியே பூட்டினால் அந்த வீட்டில் ஒரு ஆள் வெளியே வர வழி இல்லை. உள்ளே ஆறு பிள்ளைகள். குசினியில் ஒரு கேஸ் சிலிண்டர். ஒரு பிளக்கில் கேத்தலும் அயனும் போன் சார்ஜரும். 2021ஆம் ஆண்டு கடைசியில் நாட்டின் பல பக்கமும் கேஸ் அடுப்பு வெடித்ததை மறந்துவிட்டோமா? அந்த நாட்களில் நம் வீடுகளிலும் சிலிண்டரை வெளியே வைத்துவிட்டு விறகில் சமைத்தோம். அப்படி ஒன்று இரவு 2 மணிக்கு நடந்தால், மேல்மாடியில் இருக்கிற பிள்ளை கீழே படுத்திருக்கிற மாமியை எழுப்பி, மாமி திறப்பைத் தேடி, மூக்குக் கண்ணாடியைத் தேடி, பூட்டைத் திறக்கும்வரை நெருப்புக் காத்துக்கொண்டிருக்குமா?

நெருப்பை விடுங்கள். மாரி காலத்தில் இரவோடிரவாக வீட்டுக்குள் வெள்ளம் வருகிற ஊர்கள் நம்முடையவை. இரவில் மூச்சு முட்டுகிற வருத்தம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த கரை இது. அன்றைக்கு ஓடுவதற்கு எத்தனை நிமிடம் இருந்தது என்று சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட கரையில், உறங்குகிற மனிதர்களை வெளிப்பக்கமாகப் பூட்டி வைப்பது பெரும் துணிச்சல்.

கள்ளனுக்குப் பயமா? கதவை உள்ளே பூட்டுங்கள். உள்ளிருந்து திறப்பு இல்லாமலே திறக்கிற பூட்டு எந்த ஹார்ட்வெயார் கடையிலும் இருக்கிறது.

இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா? இதே வீட்டுக்காரர் பின் வளவில் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்திருப்பார். அவர்கள் நாலு பேருக்கும் நாலு திறப்பு. இரவு 12 மணிக்கு மெட்ச் பார்த்துவிட்டு வருவார்கள். "தம்பிமார் வேணுமென்டா வெட்டிக்கோங்க" என்று திறப்பைக் கையில் கொடுத்துவிடுவார். கவலையெல்லாம் பாதுகாப்பு மட்டும்தான் என்றால் அந்தப் பொடியன்கள் வாப்பா உம்மா இல்லாமல் வானத்திலிருந்து விழுந்தவர்களா?

இரண்டாவது காரணம் களவு. "ஆறு பேருக்கு ஆறு திறப்புக் குடுத்தா, அவங்க போகக்குள்ள கொப்பி எடுத்துட்டுப் போனா?" நியாயமான பயம். இதற்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. திறப்புக்கென்று சின்னத் தொகை ஒன்றை வாங்கி வைத்து, திருப்பித் தரும்போது அதைத் திருப்பிக் கொடுங்கள். கொப்பி எடுக்கக்கூடாது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தொகுதி பிள்ளைகள் போய் அடுத்த தொகுதி வரும்போது பூட்டின் சிலிண்டரை மட்டும் மாற்றுங்கள், முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. ஆறு பேருடைய ஒரு மாத வாடகையோடு பார்த்தால் அது ஒரு காசே இல்லை. உண்மையில் களவுக்கு வழி வைப்பது பூச்சாடிக்குக் கீழே இருக்கிற அந்த ஒற்றைத் திறப்புத்தான். மீன்காரருக்கும் தெரியும், ரியூஷனுக்கு வருகிற பிள்ளைக்கும் தெரியும், அது எங்கே இருக்கிறதென்று. பிறகு ஒரு போன் காணாமல் போனால் ஆறு பிள்ளைகளும் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். அறைக்கு அறை தனிப் பூட்டு இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

இனி மார்க்கம். ஹிஜாப் பற்றி, பெண்களின் மானம் பற்றி நாம் பேசாத நாள் இல்லை. ஆனால் வாடகைக்கு விட்ட அறைக்குள், இருக்கிற பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, மேலதிகத் திறப்பைப் போட்டுத் திறந்து உள்ளே போவது நம்மில் பலருக்கு ஒரு விஷயமாகவே படுவதில்லை. "தண்ணி டேங்கைப் பார்க்கப் போனன்." "கரண்ட் எரியுதா என்டு பார்த்தன்." சில வீடுகளில் வீட்டுக்காரருடைய மகனே போகிறார். கொடியில் உடுப்புக் காய்கிறது, கட்டிலில் என்ன கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? சூரத்துந் நூரின் 27ஆவது வசனம், நம்முடையதல்லாத வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழைய வேண்டாம் என்கிறது. பலருக்கும் அது தெரியும். அடுத்த வசனம்தான் நம் வாயில் வருவதில்லை. அந்த வீட்டில் ஒருவரையும் காணாவிட்டாலும், உங்களுக்கு அனுமதி தரப்படும்வரை உள்ளே போக வேண்டாம் என்கிறது 28. "ஆள் இல்லாத நேரம்தானே போனன்" என்கிற சாட்டுக்கு இதைவிட நேரான பதில் இருக்கிறதா?

"அது என்ட ஊடுதானே" என்று சிலர் கேட்பார்கள். சுவர் உங்களுடையது. ஆனால் வாடகைக்கு விட்ட காலத்தில் அதில் வசிக்கிற உரிமையை நீங்கள் விற்றுவிட்டீர்கள். இஜாரா என்றால் அதுதான், ஒரு பொருளின் பயனைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்பது. விற்ற பொருளைக் கையில் கொடுக்காமல் காசு மட்டும் வாங்குவதை நாம் கடைத்தெருவில் என்னவென்று சொல்வோம்?

நாம் ஷாஃபிஈ மத்ஹப். நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கிற இமாம் நவவியின் மின்ஹாஜில் இஜாராப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டின் திறப்பை வாடகைக்காரரிடம் ஒப்படைப்பது வாஜிப் என்று அங்கே நேரடியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டைத் திருத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதும் அந்த இடத்திலேயே வருகிறது. நவவி மறைந்தது ஹிஜ்ரி 676இல். கதவுக்குத் திறப்புக் கொடுக்க வேண்டுமா என்று நாம் இன்று கூடிப் பேசுகிற விஷயத்தை அவர் அன்றைக்கே முடித்துவைத்துவிட்டார். ஒப்படைத்த திறப்பு வாடகைக்காரர் கையில் அமானிதம் என்று விரிவுரைகள் சொல்கின்றன. அவருடைய கவனக்குறைவால் தொலைந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டும். ஆனால் புதுத் திறப்புச் செய்து கொடுக்கிற கடமை வீட்டுக்காரரைத்தான் சாரும். "தொலைச்சிட்டியா, இனி உனக்குத் திறப்பு இல்ல" என்று சொல்ல இடமே இல்லை.

இதை ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் மௌலவியாக இருக்கிற ஒருவர் சிரித்துக்கொண்டு ஒரு சங்கதி சொன்னார். கிதாபுகளில் அந்தக் கடமை கதவோடு பொருத்திய பூட்டின் திறப்புக்குத்தான், கழற்றி எடுக்கிற ஆமைப்பூட்டு வாடகை ஒப்பந்தத்துக்குள் வராது, அதனால் அதையோ அதன் திறப்பையோ கொடுக்கக் கடமையில்லை என்று வருகிறதாம். "இத வீட்டுக்காரர் கேள்விப்பட்டா எல்லாக் கதவுக்கும் ஆமைப்பூட்டுத்தான் போடுவாங்க சேர்" என்றார். போடட்டும். ஒப்பந்தத்துக்குள் வராத பூட்டு என்றால் அது வாடகைக்காரரைத் தடுக்கவும் முடியாது. கழற்றி வைத்துவிட்டு அவர் தன் பூட்டைப் போட்டுக்கொள்வார். விற்ற பயனைத் தடுக்கிற பூட்டு எந்த வகையாக இருந்தாலும் தடுப்புத் தடுப்புத்தான் என்று மௌலவியும் ஒத்துக்கொண்டார்.

அமானிதம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மக்கா வெற்றியின் நாளில் கஃபாவின் திறப்பை உஸ்மான் இப்னு தல்ஹாவிடமிருந்து வாங்கிய நபி (ஸல்) அவர்கள், அதைத் தம்மிடமோ தம் குடும்பத்திடமோ வைத்துக்கொள்ளவில்லை. அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படையுங்கள் என்கிற சூரத்துந் நிஸாவின் 58ஆவது வசனத்தை இந்தச் சம்பவத்தோடு சேர்த்து விளக்குகிற முஃபஸ்ஸிர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தத் திறப்பு பனூ ஷைபா குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது. ஊரையே வென்றவர்கள் ஒரு திறப்பை உரியவரிடம் கொடுத்தார்கள். நாம் மேல்மாடி அறையின் திறப்பைக் கொடுக்கக் கை நடுங்குகிறோம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வாடகை பிந்தியது என்று பிள்ளை வகுப்புக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவதும், புத்தகமும் உடுப்பும் உள்ளே இருக்க வெளியே நிறுத்துவதும் நடந்துகொண்டிருக்கிறது. வாடகைக்கு விட்டவர் இடத்தைக் கையில் ஒப்படைக்க வேண்டும், தொந்தரவில்லாமல் இருக்க விட வேண்டும் என்பது நாட்டின் உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படை. வாடகை பாக்கி என்றால் கேட்டு வாங்க வழி இருக்கிறது. ஒருவரை வெளியேற்றுவது நீதிமன்றத்தின் வேலை, ஆமைப்பூட்டின் வேலை இல்லை. 66ஆம் பிரிவு வழக்கு என்றால் என்னவென்று நம்மூர்க் காணிக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

நம் வீடுகளில் இருக்கிறவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குருநாகலிலிருந்தும் இரத்தினபுரியிலிருந்தும் வருகிற சிங்களப் பிள்ளைகள், வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிற தமிழ்ப் பிள்ளைகள், புத்தளத்திலிருந்தும் கண்டியிலிருந்தும் வருகிற நம் பிள்ளைகள். பலருக்கு ஒரு முஸ்லிம் ஊரில் தங்குவது வாழ்க்கையில் முதல் தடவை. நாலு வருடம் இருந்துவிட்டுப் போகிற பிள்ளை தன் ஊரில் நம்மைப் பற்றிச் சொல்லப்போவது நாம் மேடையில் பேசின சகவாழ்வை இல்லை. பெருநாளைக்குக் கொடுத்த வட்டிலப்பத்தைச் சொல்வாள். கேட்டுக்கு வெளியே நின்ற ஒன்றரை மணித்தியாலத்தையும் சொல்வாள்.

நம் பிள்ளைகளும் வெளியே இருக்கிறார்கள். பேராதனையில், வெள்ளவத்தையில், தெஹிவளையில் அறை எடுத்துப் படிக்கிறார்கள். மகளைக் கொண்டுபோய் விடுகிற அன்றைக்கு நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "அறைக்குத் தனிப் பூட்டு இரிக்கா? திறப்பு உன்ட கையில தந்தாங்களா? வேற யார்ட்டயும் இரிக்கா?" கொழும்பில் கேட்கத் தெரிந்த கேள்வியை நம் ஊரில் இன்னொருவரின் வாப்பா கேட்டால் "நம்பிக்கை இல்லையா ஹாஜியார்?" என்கிறோம்.

எங்களில் பலர் வெளி மாவட்டங்களில் முதல் நியமனம் கிடைத்துப் போர்டிங்கில் இருந்தவர்கள். அப்படி ஒருவர் இருந்த வீட்டில் ஐந்து டீச்சர்மாருக்கு ஒரு திறப்பு. யார் முதலில் பாடசாலை விட்டு வருகிறாரோ அவர் கையில் அது இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஒரு கணக்குப் போடுவார்களாம். ஸ்டாஃப் மீட்டிங் திடீரென்று வந்தால் கணக்குப் பிழைக்கும். மதிலேறிக் குதித்துக் கால் பிசகின ஒரு டீச்சர் ஒரு கிழமை லீவு எடுத்தார். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், இன்றைக்கும் பெருநாளைக்குப் போன் எடுப்பார். திறப்பு மட்டும் கடைசிவரை வெட்டித் தரவில்லை.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திறப்பு உங்கள் கையில் வந்தால் அது கூட இருக்கிற ஐந்து பேருடைய பாதுகாப்பும்தான். சிநேகிதிக்கு இரவல் கொடுக்காதீர்கள். தொலைந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். போகும்போது எண்ணிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த விஷயத்தில் உங்கள் பக்கமும் சுத்தம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த தொகுதி மாணவர்கள் வரப்போகிறார்கள். அதற்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு இதைப் பற்றி இரண்டு நிமிடம் அறிவிக்கும்படி பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் கேட்டிருக்கிறோம். ஆளுக்கொரு அறைத் திறப்பு, ஆளுக்கொரு வாசல் திறப்பு, ஆளுக்கொரு கேட் திறப்பு. வீட்டுக்காரர் ஒரு மேலதிகத் திறப்பு வைத்திருக்கலாம், ஆனால் அது வைத்திருப்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெருப்பு, வெள்ளம் போன்ற ஆபத்தைத் தவிரச் சொல்லாமல் அதைப் பாவிக்கக்கூடாது. டேங்க் திருத்தவோ வயர் பார்க்கவோ வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி, பிள்ளை இருக்கிற நேரத்தில், வீட்டுப் பெண் ஒருவர் கூட வர வேண்டும். இரவில் வெளியே பூட்டுவது அடியோடு கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வைத்தால் போதும். எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால் பாடசாலைக்கு வாருங்கள், தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தருகிறோம், காசு வேண்டாம்.

சந்தைப் பக்கம் திறப்பு வெட்டுகிற காக்காவிடம் விசாரித்தோம். ஒரு வீட்டுக்கு ஆறு, ஏழு என்று மொத்தமாகக் கொண்டு வந்தால் விலை குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் கடை இல்லை.